காவிரிக்குக் காவல் சட்டம்! திருச்சிக்கு இடம் உண்டா?

முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. நடுவில் இருக்கிறது ஸ்ரீரங்கம். டெல்டாவின் தலைவாசல் இதுதான்.

கீழே, மன்னார்குடி வட்டாரத்தில் நிலத்துக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதில் மீத்தேன் என்ற எரிவாயு அடைபட்டுக் கிடக்கிறது. அதை எடுக்க 2010-ல் மத்திய அரசு ஒரு கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்தது.

தண்ணீர் என்ன ஆகும்?

வாயு சும்மா வராது. நிலக்கரியைச் சூழ்ந்த தண்ணீரை முதலில் இறைக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால்தான் வாயு மேலே வரும். இப்படி ஆண்டுக்கணக்கில் இறைத்தால் பாசனக் கிணறு வற்றாதா? இறைத்த தண்ணீரை எங்கே விடுவது? விவசாயிகள் இதைத்தான் கேட்டார்கள்.

இயற்கை விவசாயி நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பேசினார். அந்தப் பிரசாரத்தின்போதே 2013 டிசம்பரில் காலமானார். மாநில அரசு நிபுணர் குழு அமைத்தது. 2015-ல் திட்டத்துக்குத் தடை விதித்தது.

சட்டம் வந்தது

2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் பிறந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில பகுதிகளும் அதில் சேர்ந்தன. அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயு எடுக்கக்கூடாது. முன்பே நடந்துவந்த வேலைகளுக்குத் தடை இல்லை.

அந்தப் பட்டியலில் திருச்சி மாவட்டம் சேர்க்கப்படவில்லை!

காவிரி முதலில் திருச்சிக்கு வருகிறது. பிறகுதான் தஞ்சைக்குப் போகிறது. தலையை நனையவிட்டு உடம்புக்கு மட்டும் குடை பிடித்தால் போதுமா?