பாட்டுக்கு ஓர் ஓடை வேண்டும்

“பாட்டைக் கேட்டோம், இரசித்தோம் என்றில்லாமல், அதைப் பகிர்வதற்கும் ஒரு கட்டுரையா?” என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நம் கல்லூரி மலரில் அறிவியலின் ஆக்கமும் அழிவும் பற்றி ஆண்டுதோறும் யாரேனும் ஒருவர் எழுதிவிடுகிறார். அதற்கு ஒரு மாற்றாகவேனும் இஃது இருக்கட்டும். இன்று பாட்டு எந்த வழியாக நம் செவிக்கு வந்து சேர்கிறது, அந்த வழி யார் கையில் இருக்கிறது என்பதே என் கேள்வி. எவரும் பூட்டிவிட இயலாத வழி ஒன்று இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நம் காலடியிலேயே கிடக்கிறது. அதன் பெயர் செய்தியோடை. ஆங்கிலத்தில் ஆர்.எஸ்.எஸ். என்பர். (இம்மூன்றெழுத்தைப் பார்த்ததும் வேறொன்றை எண்ணி எவரும் முகம் மலரவோ சுளிக்கவோ வேண்டா. இது கணிப்பொறிச் சமாசாரம்.)

ஓர் இணையதளத்தில் புதிதாக ஒரு பாட்டு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்ததா, வந்ததா என்று நாள்தோறும் நாமே அங்குச் சென்று எட்டிப் பார்ப்பது ஒரு முறை. புதியவற்றின் பட்டியலைத் தளமே ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துவிட, நம் கைப்பேசியில் உள்ள செயலி ஒன்று அதை அவ்வப்போது படித்துப் பார்த்துப் புதிய பாட்டை நம் முன் கொண்டுவந்து வைப்பது மற்றொரு முறை. அந்தச் சிறு கோப்புதான் ஓடை. பாலாற்று மணலில் ஊற்றுக்கால்வாய் தோண்டி வயலுக்கு நீர் கொணர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஊற்று ஓரிடம், வயல் ஓரிடம், நடுவே கால்வாய். கால்வாய் நீரைப் படைப்பதுமில்லை. நீர் என்னுடையது என்று வழக்காடுவதுமில்லை.

இதைச் சமைத்தவர்களுள் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1986-இல் அங்கு இயந்திரப் பொறியியல் முடித்துச் சென்ற இராமநாதன் வி. குகா, டேன் லிப்பி என்பவரோடு சேர்ந்து, அமெரிக்காவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொருட்டு 1999 மார்ச்சில் இதன் முதல் வடிவத்தை வெளிக்கொணர்ந்தார். அப்போது அதில் தலைப்பும் முகவரியுமே சென்றன; பாட்டு செல்லவில்லை. 2000 டிசம்பரில் டேவ் வைனர் என்பவர் தாம் வெளியிட்ட 0.92 என்னும் பதிப்பில் ‘என்க்ளோஷர்’ என்ற ஓர் உறுப்பைச் சேர்த்தார். கடிதத்தோடு உறைக்குள் வைத்தனுப்பும் பொருள் என்று சொல்லலாம். அந்த ஓர் உறுப்புதான் ஓடையில் ஒலியை ஓடவிட்டது. இன்று பேருந்தில் காதில் குமிழை மாட்டிக்கொண்டு நம் மாணவர்கள் கேட்கும் ‘பாட்காஸ்ட்’ எல்லாம் பெரும்பாலும் இந்த ஓடையின்மீது மிதந்து வருபவையே. மிதப்பவர்க்குத்தான் நீர் தெரிவதில்லை!

ஓடை வெட்டுவது கடினமோ என்று மலைக்க வேண்டா. இளங்கலைத் தமிழ் படிக்கும் நான் இரண்டு மாலைப் பொழுதில் கற்றுக்கொண்டேன். பாட்டின் தலைப்பு, பாடியவர் பெயர், இரண்டு வரிக் குறிப்பு, வெளியிட்ட நாள் ஆகியவற்றை எழுத வேண்டும். பிறகு அந்த உறையில் மூன்று செய்திகள்: பாட்டுக் கோப்பு இருக்கும் முகவரி, அதன் பருமன் எத்தனை பைட், அஃது எவ்வகைக் கோப்பு. மூன்று நிமிடப் பாட்டை எம்.பி.3 ஆக, நொடிக்கு 128 கிலோபிட் அளவில் வைத்தால், ஏறத்தாழ 28,80,000 பைட் வரும். ஓடைக் கோப்போ சில ஆயிரம் பைட்தான். பாட்டை அது சுமப்பதில்லை. பாட்டு இருக்குமிடத்தைச் சுட்டுகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் மாறாத ஓர் அடையாள எண் தர வேண்டும். அதை நாம் பின்னால் மாற்றினால், கேட்போர் செயலி பழைய பாட்டையே புதிது என்று எண்ணி மறுபடியும் இறக்கிக்கொண்டிருக்கும். தலைப்பில் ‘அண்ட்’ குறியைக் கவனமின்றி இட்டால் கோப்பு முழுவதுமே படுத்துவிடும். சந்திப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கும் நம் தமிழ்ப் பேராசிரியர்களைவிட இக்கோப்பு கண்டிப்பானது.

இதில் என்ன பெரிய பயன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் விரிஞ்சிபுரத்துக்கு அடுத்த சிற்றூரில் திரௌபதியம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் பாரதக் கூத்து நடக்கும். இரவு பத்துக்குத் தொடங்கினால் விடியற்காலை ஆறு மணி. மத்தளம், தாளம், ஆர்மோனியம், முகவீணை. முகவீணை ஊதுபவரைக் காண்பதே இப்போது அரிதாகிவிட்டது. இரண்டாண்டுகளுக்கு முன் அந்தக் கூத்தைக் கைப்பேசியில் பதிந்து, பலரும் பயன்படுத்தும் ஒரு காணொலித் தளத்தில் ஏற்றினோம். மூன்றாம் நாள், நள்ளிரவுக் காட்சியில் பதினொரு நிமிடம் ஊமையாகிவிட்டது. முகவீணை மெட்டு ஒன்று ஏதோ ஒரு திரைப்பாடலை ஒத்திருக்கிறதாம். ஆகவே அதன் உரிமை வேறொருவருக்காம். தீர்ப்பு வழங்கியது இயந்திரம். முறையீடு எழுதினோம், மறுமொழி இல்லை. அந்தத் திரைப்பாடல் தோன்றுவதற்கு முன்பே தம் தாத்தா அம்மெட்டைப் பாடினார் என்கிறார் கூத்து வாத்தியார். செய்தியைக் கேட்டு அவர் சிரித்துக்கொண்டே கேட்டது இதுதான்: “இன்னா தம்பி, நாம பாடனதுக்கு நம்ம வாயவே அடைச்சிட்டாங்களாமே?”

எங்கள் ஊர் மதிலழகுக்குப் பெயர் போனது. மார்க்கபந்தீசுவரர் கோயில் மதிலை வெளியூரார் வந்து வியந்து பார்க்கிறார்கள். கோயிலுக்கு மதில் வேண்டும். கூத்துப் பாட்டுக்கு யார் கேட்டார்கள்?

அதே பதிவை நம் சொந்த இடத்தில் வைத்து ஓர் ஓடையை வெட்டிவிட்டிருந்தால் அந்தப் பதினொரு நிமிடமும் இன்று ஊமையாகக் கிடக்காது. எட்டு மணி நேரக் கூத்து, குரலுக்குப் போதுமான 64 கிலோபிட் அளவில் 23 கோடி பைட் இருக்கும். ஒரு சாதாரண நினைவுக்குச்சியில் அறுபது இரவுக் கூத்தை அடக்கிவிடலாம். ஓடைக்கு இயந்திர நீதிபதி கிடையாது. கேட்பவர் பெயர், ஊர், வயது, இரவில் எத்தனை மணிக்குக் கேட்டார் என்பதையெல்லாம் அது விசாரிப்பதுமில்லை. ‘உங்களுக்கு இதுதான் பிடிக்கும்’ என்று அடுத்த பாட்டை நம் தலையில் கட்டுவதும் இல்லை. துபாயில் வேலை பார்க்கும் பேரணாம்பட்டுக்காரர் ஒருவர் அந்த முகவரியைத் தம் செயலியில் ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். அடுத்த விழாக் கூத்து தானே அவரைத் தேடிப் போகும்.

“ஓடையெல்லாம் பழங்கதை, 2013-லேயே செத்துவிட்டது” என்று கணிப்பொறி அறிவியல் துறை நண்பர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவர் சொன்னது கூகுள் ரீடரை. 2005 அக்டோபரில் தொடங்கிய அந்த வாசிப்பான் 2013 ஜூலை முதல் நாளில் மூடப்பட்டது உண்மைதான். ஆனால் மூடப்பட்டது ஒரு கடை, சாலை அன்று. அதில் ஓடைகளைப் படித்துவந்தவர்கள் தங்கள் முகவரிப் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு வாசிப்பான்களுக்குப் போய்விட்டார்கள். எழுதியவரும் பாடியவரும் தம் ஓடையில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. கூகுள் பாட்காஸ்ட் 2024-இல் மூடப்பட்டபோதும் இதே கதைதான். நாம் இன்று பாட்டை ஒப்படைத்திருக்கும் செயலிகளுள் ஒன்று நாளை மூடப்பட்டால், நம் பாட்டுப் பட்டியலை அப்படியே மடித்து எடுத்துக்கொண்டு போக முடியுமா? நண்பர் இதற்கு மட்டும் பேச்சை மாற்றிவிட்டார்.

இனி, சட்டம். ‘பகிர்வோம் வாருங்கள்’ என்று சொல்லிவிட்டு, கண்ட திரைப்பாடலையெல்லாம் ஏற்றி வைக்க நான் சொல்லவில்லை. பாட்டு எழுதியவர் வயிற்றில் அடித்துப் பாட்டை வளர்க்க முடியாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவுக்கு அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை. எழுதியவருக்கு அவர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். இவ்விரண்டும் ஒன்று என்று எண்ணிவிடக் கூடாது. 1944-இல் வெளிவந்து மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அக்கால இசைத்தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமைக் காலம் என்றோ முடிந்துவிட்டது. ஆனால் பாட்டெழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். அந்தச் சொற்களின் உரிமை இன்று யார் கையில் இருந்தாலும், 2033 முடியும்வரை அது உயிரோடிருக்கும். பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் மறைந்தது 1959-இல். அவர் சொற்களுக்கு இத்தடை இல்லை. பாடல் ஒவ்வொன்றுக்கும் இவ்வாறு கணக்குப் பார்க்க வேண்டும். வரலாற்றுத்துறை நண்பர்களுக்கு நல்ல வேலை!

பாரதியார் பாட்டுக்கும் ஒரு காலத்தில் வேலி இருந்தது. இசைத்தட்டிலும் ஒலிபரப்பிலும் அப்பாடல்களைப் பயன்படுத்தும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. பலரும் குரல் எழுப்பியபின் அவர் அதை விட்டுக்கொடுத்தார். 1949-இல் சென்னை மாகாண அரசு பாரதியின் படைப்புகளைத் தன்வயப்படுத்திப் பின்னர் அனைவர்க்கும் பொதுவாக்கிற்று. இன்று நம் கல்லூரி விழாவில் பாரதி பாட்டைப் பாட யாரிடமும் சீட்டு வாங்க வேண்டியதில்லை என்றால், அது தானாக வந்ததன்று. பொதுவாக்கித் தந்துவிட்டார்கள், நாம் அதை வைத்து என்ன செய்தோம்? வேறு யாரோ பாடிய பதிவை வேறு யாரோ நடத்தும் செயலியில், நடுவே பற்பசை விளம்பரத்தோடு கேட்கிறோம்.

பழம்பாடல்களை ஒலியோடு வைத்திருக்கும் நல்ல தளங்கள் தமிழில் இல்லாமல் இல்லை. கௌமாரம் என்னும் தளத்தில் திருப்புகழ்ப் பாடல்கள் உரையோடும் ஒலியோடும் உள்ளன. எங்கள் விரிஞ்சிபுரத்து முருகனை அருணகிரிநாதர் பாடியவையும் அவற்றுள் உண்டு. அத்தகைய தளத்தாரின் இசைவு பெற்று நாள்தோறும் ஒரு பாட்டு வரும்படி ஓர் ஓடையை அமைத்தால், கிடைத்திருக்கும் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட திருப்புகழைக் கேட்டு முடிக்க மூன்றரை ஆண்டு ஆகும். இளங்கலைப் படிப்பைவிட ஆறு மாதம் கூடுதல். ‘சுட்டுவதுதானே, எடுக்கவா செய்கிறோம், இசைவு எதற்கு?’ என்று கேட்கலாம். நம் ஓடை வழியே ஆயிரம் பேர் கேட்டால், ஆயிரம் முறையும் கோப்பை அனுப்பும் செலவு அவர்களுடையது. அடுத்த வீட்டுக் கிணற்றில் நீர் இறைக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நம்மூர் வழக்கம்.

நம் கல்லூரிக்கு என் கோரிக்கை சிறியது. கல்லூரி இணையதளத்தில் ஒரு மூலை. தமிழ்த்துறை பாட்டைத் தேடட்டும். வரலாற்றுத்துறை உரிமைக் கணக்கைப் பார்க்கட்டும். கணிப்பொறித்துறை கோப்பை எழுதட்டும். வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பகுதிகளிலிருந்து வரும் மாணவர்கள் விடுமுறையில் தம் ஊர்ப் பாட்டி பாடும் தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எதுவாயினும் பதிந்து வரலாம். பாடியவர் கையெழுத்தோ கைநாட்டோ பெற்ற இசைவுத்தாள் கட்டாயம். பாட்டியாயினும் உரிமை உரிமைதான். “மூன்றாண்டில் நீங்களெல்லாம் போய்விடுவீர்கள், அப்புறம் யார் பார்த்துக்கொள்வது?” என்று பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. இம்மலரின் ஆசிரியர் குழுவை ஆண்டுதோறும் எப்படி மாற்றி அமைக்கிறோமோ அப்படியே இதற்கும் ஒரு குழு. ஒரு தாளில் அடங்கும் குறிப்பையும் கோப்பையும் அடுத்த அணிக்குக் கைமாற்றினால் போதும்.

கூத்து வாத்தியாருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. முழு இரவும் நின்று பாட இயலாது. திண்ணையில் அமர்ந்து மாலையில் இரண்டு மணி நேரம் பாட ஒப்புக்கொண்டிருக்கிறார். முகவீணைக்காரரை அவரே அழைத்து வருவாராம். நல்ல ஒலிவாங்கி ஒன்று யாரிடமேனும் இருந்தால், தேர்வு விடுமுறைக்கு முன் தமிழ் மன்றச் செயலாளரிடம் தெரிவிக்கவும்.