குண்டு விழுந்த தூரம்

எங்கள் பக்கம் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவோம். சென்னைக்காரர்கள் கேட்டால் ஒரு கணம் திடுக்கிடுவார்கள். என் பேரன் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவன். இருந்தாலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் கடலூர் சுத்தமாகச் சொல்வான்.

போன வருஷம் அக்டோபரில் கனெக்டிகட் மாநிலத்தில் மகள் வீட்டில் இருந்தேன். மரங்களெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பற்றி எரிகிற மாதிரி நிற்கும் காலம். சனிக்கிழமை ஆனால் என்னைக் காரில் ஏற்றிவிடுவார்கள். மிஸ்டிக் என்ற ஊரில் 1841-ல் கட்டிய திமிங்கல வேட்டைக் கப்பலைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். ஹார்ட்ஃபோர்டில் ஒரு ஓக் மரம் 1856-ல் புயலில் சாய்ந்துவிட்டது. அது நின்ற இடத்துக்கு நினைவுத்தூண்! போதாதென்று 1999-ல் கால் டாலர் நாணயத்திலும் அதே மரத்தைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு மரத்துக்கு இவ்வளவா என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது.

நியூ ஹேவனில் யேல் பல்கலைக்கழகத்தைச் சுற்றும்போதுதான் மாட்டிக்கொண்டேன்.

"ஆயா, இந்த எலைஹு யேல் உங்க ஊர்ல ஒரு கோட்டை வாங்கினாராம். நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று போனைப் பார்த்தபடி கேட்டான் பேரன்.

"ஓ, பார்த்திருக்கேனே. வா, காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். பொய். கடலூர் முதுநகரில் பிறந்து, அந்தக் கடற்கரை மணலில் புரண்டவள்தான் நான். கோட்டையைத் தேடிப் போனதே இல்லை.

டிசம்பர் விடுமுறைக்கு வந்தார்கள். அதில் மூன்று நாள் எனக்கு. அதற்குள் நான் அவசரமாகப் படித்து வைத்ததைச் சொல்லிவிடுகிறேன்.

1690-ல் செஞ்சியில் இருந்த சிவாஜியின் மகன் ராஜாராமிடமிருந்து, தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கியது. அப்போது சென்னையில் கவர்னர் எலைஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ அதுவரை! அப்படியே நாலு பக்கமும் சுட்டு, குண்டு விழுந்த இடத்தை எல்லையாக்கிக்கொண்டார்கள். உள்ளே அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர். இன்றும் குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊர் இருக்கிறது. கடலூரில் குண்டு சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் எத்தனை முறை ரிக்‌ஷாவில் போயிருப்பேன்! எந்தக் குண்டு என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

யேல் அதற்கு செயின்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார். அவர் வேல்ஸ் நாட்டு வம்சம், டேவிட் அந்த நாட்டின் புனிதர். நாலு வயதில் இறந்துபோன அவருடைய மகன் பெயரும் டேவிட். அந்தக் குழந்தையின் கல்லறை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது.

பிற்பாடு அவர் கனெக்டிகட் கல்லூரிக்கு ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் அனுப்பினார். சரக்கு 562 பவுண்டுக்கு விலை போனது. 1718-ல் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. இங்கே சம்பாதித்த காசு. அவர் காலத்தில் சென்னையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியதும் பதிவில் இருக்கிறது. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது. இதைப் பேரனிடம் மறைக்கவில்லை. அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

முதல் நாள் தேவனாம்பட்டினம். "கோட்டைக்குப் போகணும்" என்றேன்.

"கோட்டையா? சில்வர் பீச்சுக்குத்தானேம்மா போறீங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

விசாரித்து விசாரித்து, கெடிலம் கடலோடு சேருகிற பக்கமாகப் போனோம். புதருக்குள் செங்கல் சுவர்கள். எங்கள் கண்ணில் அறிவிப்புப் பலகை எதுவும் படவில்லை. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, தென்னாட்டில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இந்த இடம்தான். சென்னையிலிருந்து மாறுவேடத்தில் தப்பிய ராபர்ட் கிளைவ் ஓடிவந்ததும் இங்கேதான். 1756-ல் இதே கோட்டைக்குப் பொறுப்பாளராக வந்து, பிறகு வங்காளத்துக்குப் போனார். மறுவருஷம் பிளாசிப் போர். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார். மிச்சம்தான் நாங்கள் பார்த்தது.

"இவ்வளவுதானா ஆயா?" என்றான்.

எனக்கு முகம் வாடிவிட்டது. அப்போதுதான் உண்மையைச் சொன்னேன், நானும் இன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன் என்று. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் இருவரும் கடற்கரையில் சுண்டல் தின்றோம்.

மறுநாள் சிதம்பரம். கடலூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். வழியில் கொஞ்சம் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. 1781 ஜூலை 1 அன்று ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதியது அங்கேதான். அதற்கு முந்தைய மாதம் கூட்டின் படை சிதம்பரத்தைத் தாக்கித் தோற்றுத் திரும்பியது. ஹைதரின் ஆட்கள் அரணாக்கியிருந்தது நடராசர் கோயிலை!

இதைச் சொன்னதும் பையனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தேடி வந்த கோட்டை புதராகக் கிடக்க, கோட்டையாக இருந்த கோயில் ஏழு நிலைக் கோபுரங்களோடு நிற்கிறதே! மதில் எவ்வளவு கனம் என்று கையை விரித்து அளந்து பார்த்தான். கோபுர வாயிலின் உட்சுவரில் 108 கரணச் சிற்பங்கள். பரதம் படிக்கும் பெண்கள் இருவர் அவற்றைப் பார்த்தே காலைத் தூக்கிப் பழகிக்கொண்டிருந்தார்கள். வடக்குக் கோபுரத்தைக் காட்டி, இது கிருஷ்ணதேவராயர் கட்டியது என்றேன். யேல் பிறப்பதற்கு நூறு வருஷத்துக்கும் மேல் முந்தியது என்று அவனே கணக்குப் போட்டான்.

உச்சியில் நடை சாத்திவிடுவார்கள், போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியம் சம்பா சாதமும் கத்திரிக்காய் கொத்சுவும். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது.

மூன்றாம் நாள் காலை பிச்சாவரம். சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர் இருக்கும். மோட்டார் படகைவிடத் துடுப்புப் படகு நல்லது. குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் போகும். முட்டி வலிக்காரியான என்னைப் பேரன்தான் கைபிடித்து இறக்கினான். உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் சுரபுன்னை வேர்கள் விரல்களை ஊன்றியதுபோல் தண்ணீரில் நிற்கின்றன. தலைக்கு மேல் கிளைகள் கூடிக்கொள்கின்றன. துடுப்புச் சத்தமும் பறவைச் சத்தமும்தான்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது இந்தக் காடு முன்னால் நின்று அலையின் வேகத்தைத் தாங்கியதால், பின்னாலிருந்த கிராமங்கள் பிழைத்தன. 2022-ல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். எம்.ஜி.ஆர். நடித்த 'இதயக்கனி' இங்கே எடுத்த படம் என்றேன். பேரனுக்கு எம்.ஜி.ஆர். யாரென்றே தெரியவில்லை. படகுக்காரருக்குத்தான் வருத்தம்.

அவர் ஒரு மரத்தைக் காட்டினார். "தில்லை மரம்மா. ஒடிக்காதீங்க, பால் கண்ணுல பட்டா ஆபத்து." சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் கொடுத்த மரம். இன்றைக்கு அதைப் பார்க்கச் சதுப்புக்காட்டுக்குள் வரவேண்டியிருக்கிறது. உதிரும் முன்னால் அதன் இலைகள் சிவந்துவிடும். நாலைந்து சிவப்பு இலைகள் தண்ணீரில் மிதந்து வந்தன.

"எங்க ஊர் ஃபால் சீசன் மாதிரியே இருக்கு ஆயா" என்றான். சாய்ந்துபோன ஓக் மரத்தின் தூணை நினைத்துக்கொண்டேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது பேரன் ஒரே ஒரு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான். குண்டு உப்பலவாடி. ஊர்ப் பெயர்ப் பலகை பக்கத்தில் நின்று படம் எடுத்து, யேல் கதையையும் எழுதித் தன் சரித்திர ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறான். பதில் இன்னும் வரவில்லை. அங்கே பள்ளி லீவு.