எதிர்ப்புச் சக்தி வியாபாரமும் மாற்றுச் சிறுநீரகமும்

2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஊரடங்கு போடப்பட்ட காலந்தொட்டு நம் நாட்டில் "எதிர்ப்புச் சக்தி" என்கின்ற ஒரு வார்த்தை, முன்பு "மோட்சம்" என்கின்ற வார்த்தைக்கு இருந்துவந்த இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது யாவரும் அறிந்ததேயாகும். மோட்சத்தைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை; ஆனாலும் அதை விற்றுப் பிழைத்தவர்களுக்குக் கணக்கில்லை. அதுபோலவே இந்த எதிர்ப்புச் சக்தியும் கஷாயப் பொட்டலமாகவும், லேகியமாகவும், மாத்திரையாகவும் விற்கப்பட்டுவந்தது. 2020 மார்ச்சு 14-ந் தேதி டெல்லியில் இந்து மகாசபையின் பேரால் சிலர் கூடி, கொரோனாவை விரட்டுவதற்கென்று மாட்டு மூத்திரம் குடித்து விருந்து நடத்தியதும், 2021 மே மாதத்தில் கோயம்புத்தூரை அடுத்த இருகூரில் "கொரோனா தேவி" என்று ஒரு கருங்கல் விக்கிரகத்தை வைத்துப் பூசை போட்டதும் பத்திரிகைகளில் வந்த சங்கதிகளே.

இவற்றைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். குடிக்கிறவன் குடிக்கட்டும், நமக்கென்ன என்றுகூட இருந்துவிடலாம். ஆனால் இந்த எதிர்ப்புச் சக்திப் பைத்தியத்தால் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய ஒரு கூட்டத்தார் நம் தாமிரபரணிக் கரை ஊர்களிலும் இருந்துவருகிறார்கள். அவர்கள் யாரென்றால், தங்கள் சிறுநீரகம் கெட்டுப்போய், வேறொருவருடைய சிறுநீரகத்தை உடம்பில் வைத்துக்கொண்டு வாழ்கிறவர்கள்; அதிலும் நீரிழிவும் கூட உள்ளவர்கள்.

சேரன்மாதேவிப் பக்கத்தைச் சேர்ந்த அப்படிப்பட்ட தோழர் ஒருவர் நம்மிடம் வந்து சொன்னதைக் கேட்ட பிறகே இதை எழுத நேர்ந்தது. அவருக்குச் சிறுநீரகம் கொடுத்தவர் அவருடைய மனைவியார். ஆனால் சொந்தக்காரர்கள் என்ன சொல்லுகிறார்களென்றால், சொரிமுத்தையனார் கண் திறந்ததால்தான் கிட்னி கிடைத்தது. ஆகவே ஆடி அமாவாசைக்குக் காரையாற்றில் போய்க் குடில் போட்டுத் தங்கி, நேர்த்திக்கடனைக் கழித்துவிட்டு, பாபநாசத்தில் ஒரு முழுக்கும் போட்டுவிட்டு வரவேண்டும் என்கிறார்கள். கூட்டத்தில் கொரோனா வந்தால்? அதற்குத்தான் தினம் காலையில் ஒரு டம்ளர் கஷாயம்! "போகாவிட்டால் தெய்வக் குற்றம் என்கிறார்கள், குடிக்காவிட்டால் நோய் வரும் என்கிறார்கள். நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி?" என்று அவர் கேட்டார்.

முதலாவதாக, கொடுத்தது யார் என்பதைப் பார்ப்போம். கத்திக்கு உடம்பைக் காட்டியது மனைவி. நன்றி மாத்திரம் சாமிக்கா? நம் நாட்டில் உயிரோடிருந்து சிறுநீரகம் கொடுக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெற்றுக்கொள்ளுகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சொத்தில் பெண்ணுக்குப் பங்கு என்றால் நூறு சாஸ்திரம் பேசுகிற வீட்டில், அவள் உடம்பில் பங்கு கேட்கும்போது ஒரு சாஸ்திரமும் குறுக்கே வருவதில்லை. கொடுத்தவர்களும் வருஷந்தோறும் ரத்தக் கொதிப்பையும், ரத்தத்தையும், சிறுநீரையும் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள். நேர்த்திக்கடனுக்கென்று முடிந்து வைத்திருக்கும் பணத்தை அந்த அம்மையாரின் சோதனைக்குச் செலவிடுங்கள் என்று தோழரிடம் சொன்னோம்.

இந்தக் காரியம் மனிதனால் எப்படிக் கைகூடிற்று என்பதையும் சொல்லவேண்டும். 1954 டிசம்பர் 23-ந் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் ஜோசப் மர்ரே என்னும் டாக்டரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஒருவருடைய சிறுநீரகத்தை எடுத்து அவருடைய உடன்பிறந்தாருக்கு வைத்து வெற்றி கண்டார்கள். அந்த இருவரும் ஒரே கருவில் உண்டான இரட்டையர். ஆகையால் உடம்பு அதை வேற்றுப்பொருள் என்று தள்ளவில்லை. மற்றவர்களுக்கு வைத்தபோது உடம்பு சண்டைக்கு வந்தது. அந்தச் சண்டையை அடக்கும் மருந்துகளை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த பிறகே இது எல்லாருக்கும் ஆகிற காரியமாயிற்று. நம் மாகாணத்தில் 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இது நடந்தது. ரத்த வகை பொருந்துகிறதா, தசை வகை பொருந்துகிறதா என்று பார்த்தார்களே தவிர, கோத்திரம் என்ன, குலம் என்ன என்று எந்த டாக்டரும் கேட்கவில்லை. பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டிவைக்கிற ஜோசியனுக்கோ இந்தப் பொருத்தம் இன்றளவும் தெரியாது.

நிற்க, விஷயத்தின் முக்கியமான பாகம் இங்கேதான் இருக்கிறது. மாற்றுச் சிறுநீரகம் உடம்பில் நிலைத்திருப்பது எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருப்பதாலேயே ஆகும். டாக்ரோலிமஸ், மைகோஃபினோலேட், பிரெட்னிசோலோன் முதலிய மாத்திரைகளை ஆயுள் முழுதும் தின்பது இதற்காகத்தான். ஒரு நாள் விட்டாலும் ஆபத்து. இப்படிப்பட்டவரிடம் போய் "எதிர்ப்புச் சக்தியைக் கூட்டிக்கொள்" என்று சொல்லுவது, வெகு பாடுபட்டுக் கட்டிப்போட்ட நாயை அவிழ்த்துவிடு என்று சொல்லுவதேயாகும். அது முதலில் கடிப்பது கொரோனாவையல்ல, மனைவி கொடுத்த சிறுநீரகத்தையே.

ஆனால் நாய் கட்டிக் கிடக்கிற வீட்டில் திருடன் நுழைவதும் சுலபம் என்பது மெய்தான். கொரோனாக் கிருமி இவர்கள் உடம்பில் புகுந்தால் மற்றவர்களிடத்தில் இருப்பதைவிட அதிக நாள் தங்குகிறது. வாரக்கணக்கில், சிலரிடத்தில் மாதக்கணக்கில்கூடத் தங்குகிறது. நீரிழிவும் சேர்ந்துவிட்டாலோ கேட்கவேண்டியதில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் கிருமியோடு போராடுகிற வெள்ளை அணுக்கள் சோர்ந்துபோகின்றன. கிருமி வந்தால் சர்க்கரை இன்னும் ஏறுகிறது. மூச்சுத் திணறலுக்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு மருந்தால் அதற்கு மேலும் ஏறுகிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்காகத் தின்கிற மாத்திரைகளிலேயே இரண்டு சர்க்கரையை ஏற்றக்கூடியவை; முன்பு நீரிழிவே இல்லாதவர்களுக்கும் அது புதிதாய் வந்துவிடுவதுண்டு. 2021 மே மாதத்தில் கண்ணையும் மூக்கையும் அரித்த கரும்பூஞ்சை நோய் பெரும்பாலும் நீரிழிவுக்காரர்களையும் ஸ்டீராய்டு பெற்றவர்களையும் பிடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்தியாவில் 13 சிறுநீரக மாற்று நிலையங்களைச் சேர்ந்த டாக்டர்கள், 2020-ல் கொரோனா கண்ட 250 மாற்றுச் சிறுநீரகக்காரர்களைக் கணக்கெடுத்தார்கள். அவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் இறந்துபோனார்கள். மூச்சுக் கருவி வைக்க நேர்ந்தவர்களிலோ அநேகமாக ஒருவரும் பிழைக்கவில்லை. அது தடுப்பூசி வராத காலம். 2021 ஜனவரி 16-ந் தேதி முதல் இந்நாட்டில் ஊசி போடத் தொடங்கினார்கள். ஆனால் இவர்களுக்கு ஊசியும் பாதிதான் பிடிக்கிறது. அமெரிக்காவில் உறுப்பு மாற்றிக்கொண்ட 658 பேரைச் சோதித்ததில், இரண்டு ஊசிக்குப் பிறகும் நூற்றுக்கு 54 பேருக்கே எதிர்ப்பொருள் உண்டாகியிருந்தது. அதனால் ஊசி வீண் என்று சில மேதாவிகள் சொல்லக்கூடும். அப்படியல்ல, இவர்கள் மேல்ஊசியும் போட்டுக்கொள்ள வேண்டும், கூட வசிக்கிறவர்கள் எல்லாரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதே அதன் அர்த்தமாகும். கூரை ஒழுகினால் கூரையைப் பிரித்தெறிகிறவன் உண்டா?

இனிக் கஷாயத்துக்கு வருவோம். நாட்டு வைத்தியம் என்பதற்காக நாம் அதைப் பழிக்கவில்லை. சீமை மருந்து என்பதற்காக எதையும் புகழவுமில்லை. எதுவானாலும் சோதித்துக் காட்டு என்பதே நமது கேள்வி. கபசுரக் குடிநீரைச் சர்க்காரே தெருத்தெருவாய்க் கொடுத்தார்கள். அதிலே சேருகிற சரக்குகளில் சீந்தில் ஒன்று. இந்தச் சீந்திலை எதிர்ப்புச் சக்திக்கென்று தினந்தோறும் குடித்துவந்த சிலருக்கு ஈரல் கெட்டுப்போனதை 2020 கடைசியில் பம்பாய் டாக்டர்கள் கண்டு, மறுவருஷம் எழுதி வெளியிட்டார்கள். ஆயுஷ் மந்திரிகாரியாலயம் அதை மறுத்தது. வழக்கு எப்படித் தீர்ந்தாலும் தீரட்டும். வழக்கு நடக்கிற சரக்கை மாற்றுச் சிறுநீரகக்காரன் வாயில் ஊற்றுவானேன்? பம்பளிமாஸ் பழங்கூட டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடக்கூடியது. கொரோனாவுக்கென்றே வந்த பாக்ஸ்லோவிட் என்னும் சீமை மாத்திரையும் அப்படியே, அதைவிடப் பன்மடங்காக ஏற்றிவிடும். ஆகவே இவர்களுக்கு மருந்து கொடுக்கிறவர் எந்த வைத்தியராயிருந்தாலும், "எனக்கு மாற்றுச் சிறுநீரகம், இன்ன மாத்திரைகள் சாப்பிடுகிறேன்" என்று எழுதிய சீட்டை முதலில் அவரிடம் நீட்டவேண்டும். காய்ச்சல் கண்டால் மாத்திரையைத் தாமே நிறுத்துவதும் கூடாது. குறைத்தால் சிறுநீரகம் போகலாம், குறைக்காவிட்டால் கிருமி மீறலாம். முன்னே போனால் கடிக்கும், பின்னே போனால் உதைக்கும் என்கிற நிலைமை. எதை எவ்வளவு குறைப்பது என்பது சிறுநீரக டாக்டர் ஒருவருக்கே தெரிந்த கணக்காகும்.

திருவிழாவைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லையப்பர் ஆனித் தேர் 2020, 2021 ஆகிய இரண்டு வருஷங்களிலும் ரதவீதியில் ஓடவில்லை. அதனால் தாமிரபரணி வற்றிவிட்டதா? நெல்லையப்பருக்குத்தான் கோபம் வந்ததா? ஊருக்கே சாமி இரண்டு வருஷம் விடுமுறை கொடுத்திருக்கும்போது, ஒரு நோயாளிக்கு மாத்திரம் கொடுக்காதா? சொரிமுத்தையனார் கோயில் கூட்டத்தில் குடிலுக்குக் குடில் இருமிக்கொண்டு கிடப்பதும், ஊர்ச் சாக்கடைகள் கலக்கிற ஆற்றில் முங்குவதும் இவர்களுக்கு ஆகாது. கொரோனா காற்றில் வரும். தண்ணீரில் வருவது வேறு கிருமிகள். எதிர்ப்பை அடக்கி வைத்திருக்கிற உடம்புக்கு இரண்டும் ஒன்றே.

"கொரோனாதான் போய்விட்டதே!" என்று கேட்கலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2023 மே 5-ந் தேதி முடிந்ததாகச் சொன்னது அவசர நிலைமையையே தவிர, கிருமியையல்ல. 2025 மே, ஜூன் மாதங்களிலும் இந்நாட்டில் அது தலைகாட்டிற்று. ஆகவே சளியோ இருமலோ உள்ள சொந்தக்காரர்கள் பார்க்க வராமலிருப்பதே மரியாதை. வந்தே தீரவேண்டுமானால் முகமூடி போட்டுக்கொண்டு, திண்ணையில் காற்றாட உட்கார்ந்து பேசிவிட்டுப் போகட்டும். கல்யாணத்துக்கு வரவில்லையே, கொடைக்கு வரவில்லையே, துட்டிக்கு வரவில்லையே என்று கோபித்துக்கொள்ளுகிற நம் ஜில்லா வழக்கத்தையும் இவர்கள் விஷயத்தில் விட்டுவிட வேண்டும்.

சர்க்காருக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. 2020 ஊரடங்கில் பஸ்ஸும் ரயிலும் நின்றபோது, மதுரையிலும் சென்னையிலும் மாற்றிக்கொண்டு வந்தவர்கள், ஜில்லா எல்லை தாண்ட அனுமதிச் சீட்டுக்குக் காத்துக் கிடந்தார்கள். 2021 ஆகஸ்டு 5 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" என்று நீரிழிவு மாத்திரை வீட்டுக்கே வந்துகொண்டிருப்பது நல்ல காரியமே. அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, நாங்குநேரி, ராதாபுரம் தாலுகாக்களில் மாற்றுச் சிறுநீரகத்தோடு இருப்பவர்கள் யார் யார் என்று அந்த ஊழியர்களைக் கொண்டே கணக்கெடுத்து, அடக்கு மாத்திரைகளையும் இரண்டு மாதத்துக்கு முன்பணமாய் வீட்டில் சேர்த்துவைத்து, காய்ச்சல் கண்டவுடன் கூப்பிட ஒரு டாக்டருடைய டெலிபோன் நம்பரையும் கொடுத்துவைப்பதில் சர்க்காருக்கு என்ன கஷ்டம் இருக்க முடியும்?