பரணிலிருந்து இறங்கிய கீபோர்டு



மங்களூர் என்றதும் பலருக்குக் கர்நாடகத்துக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். நான் போய் வந்தது நம் கடலூர் மாவட்டத்து மங்களூருக்கு. விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிற மானாவாரி மண். நம் இதழை நெடுநாளாகப் படித்து வரும் ஒருவரின் வீடு அங்கே இருக்கிறது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் அச்சு வார்க்கிற வேலை அவருக்கு. சாப்பிட்டு முடித்துத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளே பரணைக் காட்டினார்.

"பையன் ஆசைப்பட்டான்னு சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிக் கொடுத்தேன் சார். பத்து நாள்கூட தொடலை. மேலே ஏத்திட்டான்."

அட்டைப்பெட்டிக்குள் ஒரு மிடி கீபோர்டு. நாற்பத்தொன்பது கட்டை. ஏன் தம்பி விட்டுவிட்டாய் என்று கேட்டேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டு, "எனக்குத் தாளம் வரலை சார். கையும் சத்தமும் சேரவே மாட்டேங்குது" என்றான்.

அந்தப் பதில் என்னை உலுக்கிவிட்டது. "சோத்துத் தட்டைத் தட்டித் தட்டியே பம்பை வாசிக்கிறவன் சார் இவன்" என்று அவன் அம்மா அடுப்படியிலிருந்து சொன்னார். அப்படிப்பட்டவன், தனக்குத் தாளமே இல்லை என்று தனக்குத்தானே முடிவு கட்டியிருந்தான். பெட்டியை இறக்கச் சொன்னேன். அன்று சாயங்காலம் முழுவதும் அந்த வீட்டிலேயே கழிந்தது. அங்கே கற்றுக்கொண்டதைத்தான் இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். இதே கதை இன்னும் எத்தனையோ வீட்டுப் பரண்களில் இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கல்யாண மேடையில் நாம் பார்க்கிற கீபோர்டு வேறு, இது வேறு. அதில் ஒலியும் ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கும். மிடி கீபோர்டுக்குள் ஒலியே கிடையாது. எந்தக் கட்டை அழுந்தியது, எவ்வளவு வேகத்தில் அழுந்தியது, எப்போது விடுபட்டது என்பதை மட்டும் எண்களாகக் கணினிக்குச் சொல்லும். கட்டைக்கு 0 முதல் 127 வரை ஓர் எண், வேகத்துக்கும் அதே அளவில் ஓர் எண். நடு சி என்று சொல்கிற கட்டையின் எண் 60. ஒலியை உண்டாக்குவது கணினிக்குள் இருக்கிற மென்பொருள்தான்.

இதை நான் தட்டுத் தடுமாறி விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் அப்பா குறுக்கிட்டார். "எங்க அச்சு மாதிரின்னு சொல்லுங்க சார்." பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சி, ஓரத்தில் கூழ் இறுகியதும் மிச்சத்தைக் கவிழ்த்துவிடுவார்கள். பிறகு பிரித்தெடுத்துக் காயவைத்து, கிளேஸ் முக்கிச் சூளையில் வைப்பார்கள். ஒரே அச்சில் வந்த பொம்மைக்கு நீலமும் பூசலாம், பழுப்பும் பூசலாம். மிடியும் அப்படித்தான். ஒருமுறை வாசித்துப் பதிந்தது விரலின் அச்சு. அதற்குப் பியானோ ஒலியைப் பூசலாம், நாளைக்கு மனம் மாறினால் புல்லாங்குழலைப் பூசலாம். தப்பாக விழுந்த ஒரு கட்டையை மட்டும் நகர்த்தலாம். இதைவிடத் தெளிவாக இதை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை.

இனி, அந்த வீட்டில் நடந்தது. கேபிளைச் செருகியதும் கீபோர்டில் விளக்கு எரிந்தது. கணினியோ அப்படி ஒரு கருவி வந்ததாகவே காட்டவில்லை. அன்று அவசரத்தில் நாங்கள் செருகியது பழைய போன் சார்ஜர் கேபிள். சில யூ.எஸ்.பி. கேபிள்களில் மின்சாரம் மட்டும்தான் போகும், தகவல் போகாது. பெட்டிக்குள் சுருட்டிக் கிடந்த கேபிளைப் போட்டதும் கருவியின் பெயர் திரையில் வந்தது. அதற்குப் பிறகும் சத்தம் வரவில்லை. பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் மிடி உள்ளீடு என்ற இடத்துக்குப் போய் அந்தக் கருவியை அனுமதிக்க வேண்டும். பிறகு புதிதாக ஒரு டிராக் திறந்து, அதில் ஒரு வாத்தியத்தை ஏற்றி, சிவப்புப் பொத்தானை அழுத்தி அந்த டிராக்கைப் பதிவுக்குத் தயார் செய்ய வேண்டும். இந்த நாலில் ஒன்று விட்டுப்போனாலும் வீடு நிசப்தமாகத்தான் இருக்கும். அந்த நிசப்தத்தைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். கருவி கெட்டுப்போயிருக்கும் என்று கடைக்கும் ஓடாதீர்கள்.

சத்தம் வந்தது. ஆனால் தம்பி சொன்ன நோய் அப்போதுதான் வெளியே தெரிந்தது. கட்டையை அழுத்துகிறான், ஒலி பின்னால் வருகிறது. அவன் காதில் இருந்தது புளூடூத் இயர்பட்ஸ்.

பாட்டுக் கேட்க அது நல்ல பொருள்தான். வாசிக்க உதவாது. ஒலியைச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் விரித்துக் கேட்கவைப்பதற்குள் ஐந்தில் ஒரு பங்கு நொடிகூட ஓடிவிடும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் கோயில் வாசலில் ஊத, தவில்காரர் எழுபது மீட்டர் தள்ளித் தெருமுனையில் நின்று வாசிக்கிற மாதிரி. எந்த வித்வானாலும் அதில் தாளம் பிடிக்க முடியாது. இந்தப் பிள்ளையோ சில நாள் அப்படி வாசித்துப் பார்த்துவிட்டு, குறை தன்னிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

கம்பி உள்ள சாதாரண ஹெட்போனை மாட்டினோம். பாதி சரியானது. மீதி, பஃபர் என்று சொல்கிற அளவில் இருந்தது. கணினி ஒலியை ஒரேயடியாகக் கொட்டாது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடத்தில் நிரப்பி ஊற்றும். நொடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், குடத்தின் அளவு 1,024 என்றால் அது நிரம்பவே 23 மில்லி நொடி ஆகும். 256 என்றால் 6 மில்லி நொடிக்குள், 128 என்றால் 3 மில்லி நொடிக்குள் முடிந்துவிடும். மிகவும் குறைத்தால் பழைய கணினி திணறி, ஒலியில் பொரிகிற மாதிரி சத்தம் வரும். அப்போது ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது குறைவாகவும், எல்லா டிராக்கையும் சேர்த்துக் கேட்கும்போது கூடுதலாகவும் வைப்பதுதான் இந்த வேலையில் இருப்பவர்களின் வழக்கம். விண்டோஸ் கணினியில் இதற்கு ஆசியோ என்கிற டிரைவர் வேண்டும். தனியாக ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்காதவர்களுக்கு 'ஆசியோ ஃபார் ஆல்' என்று இலவசமாகவே ஒன்று கிடைக்கிறது.

256இல் வைத்தோம். டிரம்ஸ் ஒலியை ஏற்றிக் கொடுத்தேன். தம்பி இரண்டு கட்டையைத் தொட்டுப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, மாரியம்மன் கோயில் பம்பை நடை ஒன்றை இரண்டு விரலால் எடுத்தான். முதலில் மெதுவாக, அப்புறம் சாமி வரும்போது ஏறுகிற வேகத்தில். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அவன் அப்பா சுவரில் சாய்ந்தபடி விரலால் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். தாளம் முழுவதும் அந்தப் பிள்ளையிடம்தான் இருந்தது.

இந்த மிடி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1980களின் தொடக்கம் வரை ஒரு நிறுவனத்தின் சிந்தசைசர் இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் எல்லாருக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று முனைந்தார்கள். 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் ஸ்மித்தின் புராஃபெட்-600 கருவியையும் ரோலண்டின் ஜூபிட்டர்-6 கருவியையும் ஒரு கம்பியால் இணைத்தார்கள். ஒன்றில் வாசித்தது மற்றதில் ஒலித்தது. ககேஹாஷி இளவயதில் கடிகாரம் பழுதுபார்த்துப் பிழைத்தவர். இருவருக்கும் 2013இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. அவர்கள் செய்ததிலேயே பெரிய காரியம் என்று நான் நினைப்பது, இந்த மொழிக்கு உரிமைத்தொகை வாங்காமல் உலகத்துக்கு விட்டுக்கொடுத்ததைத்தான். அதனால்தான் எந்தக் கடையில் வாங்கிய எளிய கீபோர்டும் எந்த மென்பொருளோடும் பேசுகிறது. 2020இல் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. பழைய கருவிகள் இன்னும் செல்லுபடியாகின்றன.

நம் பக்கம் இது சீக்கிரமே வந்து சேர்ந்தது. 1986இல் வந்த 'புன்னகை மன்னன்' படத்தில் இளையராஜா கணினியைக் கொண்டு அமைத்த இசையைப் பற்றி அன்றைக்கு ஊரே பேசியது. 1989இல் ஏ.ஆர்.ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் 'பஞ்சதன்' ஒலிப்பதிவுக் கூடத்தைக் கட்டினார். கருவி வாங்கப் பணமில்லாமல் வெறும் அறையில் உட்கார்ந்திருந்த தனக்கு, அம்மா நகைகளைக் கொடுத்துதான் முதல் ரெக்கார்டர் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1992இல் 'ரோஜா' வந்தது. வீட்டோடு ஒட்டிய ஓர் அறையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நமக்கு வெளியே சாட்சி தேட வேண்டியதில்லை.

எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விக்கு நான் அதிக இடம் தரப் போவதில்லை. எல்.எம்.எம்.எஸ். முழுக்க இலவசம். குரலைப் பதிய ஏற்றதல்ல, மெட்டும் தாளமும் போட்டுப் பழகப் போதும். ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதில் தயார் வாத்தியங்கள் குறைவு, தனியே இறக்கிச் சேர்க்க வேண்டும். ஆப்பிள் கருவி இருந்தால் கராஜ்பேண்ட் இருக்கிறது. திருட்டுப் பதிப்பு மட்டும் வேண்டாம். வைரஸ் வந்து செய்த பாட்டெல்லாம் போய்விடும் என்பது ஒரு காரணம். பாட்டு செய்து பிழைக்க நினைக்கிற பிள்ளை, இன்னொருவன் உழைப்பைத் திருடித் தொடங்கக் கூடாது என்பது எனக்குப் பெரிய காரணம்.

நான் அதிகம் பேச விரும்புவது, சுரத்தை அசைத்தும் வளைத்தும் ஒலிக்கச் செய்கிற கமகத்தைப் பற்றி. ஆர்மோனியத்தில் கமகம் வராது என்று சொல்லி, அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒலிபரப்பிலிருந்தே விலக்கி வைத்திருந்தது. கட்டைக்குக் கட்டை சுரம் வெட்டுப்பட்டு நிற்கும் என்பது வாதம். கீபோர்டும் கட்டைதான். ஆனால் அதன் இடப்பக்கம் ஒரு சக்கரம் இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா? பலர் அதை விளையாட்டாக ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பிட்ச் பெண்டு என்று பெயர். சுரத்தை மேலும் கீழும் 16,384 நுண்படிகளில் வளைக்கும். பெரும்பாலான மென்பொருள்களில் அது மேலே இரண்டு கட்டை, கீழே இரண்டு கட்டை தூரம் போகும்படி முன்பே வைத்திருப்பார்கள்.

தோடி காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே இடத்தில் நிற்கிற சுரம் இல்லை. ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருப்பதுதான் அதன் உயிர். தோடியின் காந்தாரத்திலிருந்து கீழே ரிஷபம் சரியாக இரண்டு கட்டை. மேலே மத்தியமமும் சரியாக இரண்டு கட்டை. அதாவது சக்கரத்தின் முழு வீச்சும் அந்தக் காந்தாரத்துக்கென்றே அளந்து வைத்த மாதிரி இருக்கிறது. பியானோ ஒலியை விட்டுவிட்டு வயலினோ குழலோ ஏற்றி, வலக்கையால் காந்தாரத்தை அழுத்தியபடி இடக்கையால் சக்கரத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். கே.சத்தியநாராயணன் சின்ன வயதிலிருந்தே கீபோர்டில் முழுக் கர்நாடக இசைக் கச்சேரி செய்து வருகிறார். கேட்டுப் பார்த்தால் கட்டையில் கமகம் வருமா என்ற சந்தேகம் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, குவாண்டைஸ். வாசித்ததைக் கட்டத்துக்குள் இழுத்து நேராக்குகிற வசதி. நூற்றுக்கு நூறு நேராக்கினால் பம்பை செத்துவிடும், கடிகாரம்தான் மிஞ்சும். பாதி அளவு இழுத்தால் போதும். மென்பொருள் திறந்ததும் நான்கு நான்காகத்தான் கட்டம் போட்டு வைத்திருக்கும். நம் கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு. அந்த எண்ணை மாற்றிக்கொள்ள முதல் நாளே பழகுங்கள். இல்லாவிட்டால் நம் நடைகள் அந்தக் கட்டத்துக்குள் அடங்கி நாளடைவில் மறைந்துபோகும். எனக்கு உண்மையிலேயே அந்தக் கவலை இருக்கிறது.

மங்களூர்த் தம்பி போன வாரம் செல்போனில் நாற்பது நொடி ஒலி ஒன்றை அனுப்பினான். பம்பை நடை, அதன் மேல் ஒரு குழல். குழல் இரண்டு இடத்தில் தடுமாறுகிறது, பம்பை எங்கும் பிசகவில்லை.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி மேலே ஏறியிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதை இறக்குங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள், காதில் கம்பி உள்ளதை மாட்டுங்கள், பஃபரைக் குறையுங்கள். பிள்ளைக்கு வரவில்லை என்ற முடிவை அதற்குப் பிறகு எடுக்கலாம். இந்த வேலை தெரிந்தவர்கள், தெரியாத வீட்டுக்கு ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து வாருங்கள். எங்கே தடுக்கிறது என்று எங்களுக்கு எழுதுங்கள். தெரிந்த வாசகர்களிடம் கேட்டு, அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கம் ஒதுக்கிப் பதில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்