அப்பாவின் காது மெஷின் சித்தப்பாவுக்கு ஆகாது

எங்கள் காரைக்கால் பக்கம் வீட்டுப் பெரியவர் ஒருவர் போய்விட்டால், கருமாதி முடிந்த கையோடு அவருடைய கட்டில், கைத்தடி, டார்ச் லைட் எல்லாம் ஆளுக்கொன்றாகப் போய்விடும். இப்போது அந்த வரிசையில் காது மெஷினும் சேர்ந்திருக்கிறது. "அப்பாவுக்கு நல்லாக் கேட்டுச்சு, நீங்க போட்டுக்குங்க சித்தப்பா" என்று பாசத்தோடுதான் கொடுக்கிறார்கள். கொடுக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி எங்கே போனாலும் விசைப்படகில் டீசல் இன்ஜின் பக்கத்திலேயே காலம் கழித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: "கேக்குது தம்பி, என்ன சொல்றேன்னுதான் புரியல." இரைச்சலில் பழுதாகும் காது முதலில் இழப்பது கீச்சென்ற மேல் ஒலிகளை. உயிரெழுத்தின் ஓசை காதில் விழும், வல்லினம் நழுவிவிடும். கடம், படம், தடம் மூன்றும் ஒன்றாகக் கேட்கும். இந்தக் காதுக்கு எல்லா ஒலியையும் ஒரேயடியாகக் கூட்டிக் கொடுத்தால் சத்தம் பெருகுமே தவிர பேச்சு தெளியாது.

அதனால்தான் ஆடியோகிராம் எடுத்து, எந்த ஒலிக்கு எவ்வளவு குறை என்று பார்த்து மெஷினை அமைக்கிறார்கள். எவ்வளவு பெரிய சத்தம் வந்தாலும் இதற்கு மேல் காதுக்குள் விடாதே என்று ஓர் உச்சவரம்பும் வைக்கிறார்கள். கனத்த செவிக்குறைவுக்கான மெஷின்கள் 130 டெசிபெல்லையும் தாண்டக்கூடியவை. லேசாகக் குறைந்த காதில் அதை மாட்டினால், ஒலியை உணரும் முடிச் செல்களில் மிச்சமிருப்பவையும் போய்விடலாம். உள்காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. 2022-இல் அமெரிக்கா, மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் காது மெஷின்களை அனுமதித்தபோது, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, லேசான அல்லது நடுத்தரக் குறைவுக்கு மட்டும் என்று சொல்லி, உச்ச ஒலியை 117 டெசிபெல்லுக்குள் கட்டியது. நம் ஊரில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஒலிபெருக்கிகளில் பலவற்றின் டப்பாவில் அப்படி ஓர் எண்ணே இருக்காது. மாங்கனித் திருவிழா அன்று மேளமும் வெடியும் பக்கத்தில் முழங்கும்போது அதைக் காதில் வைத்திருப்பவரை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்திலும், 2017-இல் வந்த முதியோருக்கான வயோஸ்ரீ திட்டத்திலும் மெஷின் இலவசமாகவே கிடைக்க வழி உண்டு. இந்தத் திட்டங்களின் முகாமில் வாங்கினாலும், "என் காதுக்கு டெஸ்ட் பண்ணி செட் பண்ணிக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்பது உரிமை.

காது இரைச்சல் இன்னும் கொடிது. சில்வண்டு கத்துவதுபோல், குக்கர் விசில் அடங்காததுபோல், ராத்திரி ஊர் அடங்கியதும் அது எழும்பும். அதற்கென்று மெல்லிய ஒலி தரும் கருவிகளும் செல்போன் செயலிகளும் வந்துவிட்டன. சிலர் இரைச்சல் மூழ்கும் அளவுக்கு ஒலியை ஏற்றி, இயர்போனோடு தூங்கிவிடுகிறார்கள். அது முறையல்ல. இரைச்சலும் கேட்க வேண்டும், கருவியின் ஒலியும் கேட்க வேண்டும். கருவி ஒரு படி கீழேயே நிற்க வேண்டும். நம் கடற்கரைக் கலங்கரை விளக்கம் இருட்டில் கண்ணைப் பறிக்கிறது, விடிந்த பிறகு அதே விளக்கைக் கவனிப்பாரில்லை. சுற்றிலும் கொஞ்சம் ஒலி இருந்தால் இரைச்சலுக்கும் அந்தக் கதிதான். இது இரைச்சலை வேரோடு பிடுங்கும் வைத்தியம் அல்ல. அப்படிச் சொல்லி விற்பவரை நம்பாதீர்கள். செவிக்குறைவும் சேர்ந்து இருந்தால், சரியாக அமைத்த காது மெஷினே பலருக்கு இரைச்சலின் உபத்திரவத்தைக் குறைத்துவிடுகிறது. இயர்போன் வைப்பவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, 80 டெசிபெல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் ஏற ஏற அந்த நேரம் மளமளவென்று குறையும்.

கடலோரத்தில் இன்னொரு தொல்லை ஈரம். காலையில் எடுத்துப் பார்த்தால், காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷினின் குழாய்க்குள் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். ராத்திரி பேட்டரி கதவைத் திறந்துவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அரிசிப் பானையில் புதைக்க வேண்டாம். தவிட்டுத் தூசி மைக்கை அடைத்துவிடும். காதில் சீழ் வடிந்தால் ஆறும்வரை மெஷினின் காது அச்சை மாட்டாதீர்கள். எண்ணெய் காய்ச்சி ஊற்றவும் கூடாது.

பேட்டரியைப் பற்றி அழுத்தியே சொல்ல வேண்டும். பொட்டுக்கடலை அளவுதான் இருக்கும், பளபளவென்று மின்னும், தாத்தாவின் தலைமாட்டில் கிடக்கும். தவழும் பேரப்பிள்ளை வாயில் போட எவ்வளவு நேரமாகும்? உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே வெந்து புண்ணாகலாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், வெளியே வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். நேரே மருத்துவமனைக்கு ஓடுங்கள், எக்ஸ்ரே எடுக்கட்டும். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொண்டாலும் இதே அவசரம்தான்.

ஒரு காது மட்டும் திடீரென்று அடைத்துப்போனாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து இரைந்தாலோ, தலைசுற்றலும் கூட வந்தாலோ, மெஷின் கடைக்குப் போகாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அன்றைக்கே காட்டுங்கள். திடீர் செவிக்குறைவுக்கு முதல் சில நாட்களில் தொடங்கும் சிகிச்சையில்தான் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்பு அதிகம். சளி பிடித்திருக்கிறது, தானாகத் திறந்துகொள்ளும் என்று அந்த நாட்களைக் கழித்துவிட்டு வருகிறவர்கள்தான் இங்கே நிறையப் பேர்.