கிடாரத்துக்கு வானம், உம்மாவுக்குப் புகை

நோன்பு மாதத்தில் கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ மருதமுனையிலோ பள்ளிவாசல் பக்கம் போய்ப் பாருங்கள். பெரிய கிடாரங்களில் கஞ்சி கொதிக்கும். விறகு தள்ளுபவர்கள் ஆண்கள். அடுப்பு திறந்த வெளியில் இருக்கும். புகை வானத்துக்குப் போகும். கந்தூரிச் சமையலும் அப்படித்தான். பேக்கரிக்கும் கூரைக்கு மேல் உயர்ந்த புகைபோக்கி உண்டு. ஆண்கள் நெருப்பு மூட்டும் இடங்களில் எல்லாம் புகைக்கு வழி வைத்த எமது சமூகம், உம்மாமார் ஆண்டு முழுவதும் மூட்டும் குசினி அடுப்பை மட்டும் மறந்தது ஏன்?

சமையலறைப் புகை கண்ணீரோடு முடிந்துபோகும் விடயமன்று. வீட்டுக்குள் எரியும் அடுப்புகளின் மாசினால் 2020 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. மாரடைப்பு, பாரிசவாதம், நுரையீரல் நோய், குழந்தைகளின் நிமோனியா என்று அந்த மரணங்களுக்குப் பல பெயர்கள். மரணச் சான்றிதழில் 'அடுப்பு' என்று எவரும் எழுதுவதில்லை.

"இப்போது யார் விறகு எரிக்கிறார்கள்? எல்லா வீட்டிலும் காஸ் இருக்கிறதே" என்பார்கள். 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபா ஆனது. இடையில் சிலிண்டர் வெடிப்புகள்; பின்னர் நாட்கணக்கில் வரிசைகள். அன்று தென்னம்மட்டையும் சிரட்டையும் தேடி ஓடியவர்கள் யார்? 2004 சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட வீடுகளில் புகைக்கு வழியில்லாத குசினிகள் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். வரைபடம் கீறியவர்கள் காஸ் என்றுமே தீராது என்று நம்பியிருக்கவேண்டும்!

நெருப்புக்கு வேண்டியவை இரண்டு: காற்று வர ஒரு வழி, புகை போக ஒரு வழி. கூரை முகட்டுக்கு மேல் எழும் புகைபோக்கி, எதிரெதிரே இரண்டு திறப்புகள், மழை படாமல் அடுக்கி உலர்த்திய விறகு. ஈரவிறகு புகையையே பெருக்கும். அதை எரியவைக்க மண்ணெண்ணெய் ஊற்றுவது உயிரோடு விளையாடுவது. 1980களில் பரவத் தொடங்கிய 'அனகி' களிமண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். ஆனால் புகைபோக்கியின் வேலையை அது செய்யாது.

இன்னொன்றையும் சொல்லியாகவேண்டும். பிள்ளை பெற்றவளின் அறையில், கதவு யன்னல்களை அடைத்துவிட்டுத் தணல் சட்டி வைப்பது பேராபத்து. தணலில் புகை தெரியாது. ஆனால் காபன் மொனொக்சைட் வரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவரைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். உடம்புக்குச் சூடு வேண்டுமா? வெளியில் கொதித்த வேதுத் தண்ணீரை உள்ளே கொண்டுவாருங்கள், நெருப்பைக் கொண்டுவராதீர்கள்.

சலவைக்கல் பதித்து, வாசலுக்கு இரும்புக் கதவு போட்டு, வெளிநாட்டுப் பணத்தில் மாடி எழுப்புகிறோம். அந்தச் செலவில் ஒரு புகைபோக்கி எம்மாத்திரம்? வீட்டு வரைபடத்தில் கையொப்பமிடும் மாநகர சபை அதிகாரி "புகை எங்கே போகும்?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். கதீப்மார் ஒரு ஜும்ஆவில் இதைப் பேசட்டும். கட்டாரிலும் லண்டனிலும் இருந்து இதைப் படிக்கும் பிள்ளைகளே, அடுத்த முறை ஊருக்குப் பணம் அனுப்பும்போது உம்மாவின் குசினிச் சுவர் என்ன நிறம் என்று கேளுங்கள். கறுப்பு என்றால், அவருடைய நெஞ்சுக்குள்ளும் அதே புகைதான் போயிருக்கிறது.