ஒட்டுன பை வேண்டாம், கட்டுன பை போதும்

பட்டணத்துல இருந்து எங்ககிட்ட சரக்கு வாங்கற ஆளுங்க போன்ல அடிக்கடி சொல்ற ஒரு சொல்லு இது: "அண்ணா, சக்கரை அருமையா இருக்குது. ஆனா பேக்கிங்தான் கொஞ்சம் பாத்துக்கோங்க." சொல்லிட்டு வாட்ஸ்அப்ல ஒரு படமும் வரும். கறுப்பும் தங்கமுமா மினுமினுன்னு ஒரு பை, மேல ஜிப், நடுவுல உள்ள இருக்கறது தெரியற மாதிரி ஒரு ஜன்னல். "இந்த மாதிரி போடுங்க, பத்து ரூபா கூடச் சொன்னாலும் வாங்கிக்கறோம்."

நல்ல மனசுலதான் சொல்றாங்க. ஆனா எனக்கு இதுல வேற அபிப்பிராயம் இருக்குங்க. சாப்பிடற பண்டத்துக்கு ஒரே ஒரு பளபளப் பை வேண்டியதில்லை. மூணு நாலு பாகமா உறை இருக்கணும். ஒவ்வொரு பாகமும் ஒரு வேலையை ஒழுங்காச் செய்யணும். வேலை முடிஞ்சதும் எல்லாம் தனித்தனியாப் பிரிஞ்சு அதது போக வேண்டிய இடத்துக்குப் போகணும். இவ்வளவுதான் என் கட்சி.

எங்க காடு ஈரோடு மாவட்டத்துல. மூணு ஏக்கரா. கரும்பு, கடலைக்காய், கொஞ்சம் மஞ்சள். கரும்பை ஆட்டி நாட்டுச்சக்கரை போட்டா, அதை 60 கிலோ மூட்டையாக் கட்டி கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு போறதுதான் எங்க பக்கத்து வழக்கம். பழனி பஞ்சாமிர்தத்துக்கு தேவஸ்தானம் வாங்கற சக்கரை அங்கிருந்துதான் போகுது. அங்க மூட்டைக்கு என்ன வெலைன்னு அன்னைக்கு ஏலத்துல வர்ற ஆளுங்கதான் முடிவு பண்ணுவாங்க. நேரா உங்க வீட்டுக்கு அனுப்பினா வெலையை நான் சொல்லலாம். அதனால எனக்கு உறைங்கறது அழகு சமாச்சாரம் இல்லீங்க. உங்க வீட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும், சேர்ந்து தீர்ற வரைக்கும் சக்கரை கெடாம இருந்தாத்தான் அடுத்த மாசம் நீங்க கேப்பீங்க. கெட்டுதுன்னா நான் மறுபடியும் 60 கிலோ மூட்டைக்கே போகணும்.

பல பாக உறைங்கறது நமக்குப் புதுசு இல்லை. எங்க அம்மா கட்டுச்சோறு கட்டறதைப் பாத்திருக்கேன். வாழையிலையை அனல்ல வாட்டும். வாட்டாத எலை மடிச்சா கிழிஞ்சு போகும். அதுக்குள்ள சோறு. வெளியில பாக்குமட்டை, அடி படாம இருக்க. மேல வாழைநாரு, அதையும் தண்ணியில நனைச்சுத்தான் கட்டும், இல்லைன்னா அறுந்து போகும். தொட்டுக்க தொவையல் தனிச் சின்ன எலையில. எலை பண்டத்தைத் தொடும், மட்டை பாரம் தாங்கும், நாரு எல்லாத்தையும் பிடிச்சு நிக்கும். ஒண்ணோட வேலையை இன்னொண்ணு செய்யலை.

ஊருக்குப் போறவங்களுக்கு புளிக்காய்ச்சலைத் தனியாக் குடுத்து அனுப்பறதும் இதே கணக்குதான். சோத்துல கலந்தா ஒரு நாளைக்குத்தான். தனியா எண்ணெய் மிதக்க வச்சா வாரக்கணக்குல நிக்கும். ஈரத்தையும் காஞ்சதையும் பிரிச்சு வைக்கறது, சாப்பிடறப்ப சேக்கறது. நீங்க ஓட்டல்ல சாப்பாடு பார்சல் வாங்கினா அப்பளத்தை ரசத்தோட போட்டுக் குடுத்தா சும்மா விடுவீங்களா? அதேதான்.

நாமக்கல் எங்களுக்குப் பக்கம். அங்க இருந்து லாரி லாரியா முட்டை போகுது. ஒரு அட்டையில 30 முட்டை. பழைய பேப்பரைக் கூழாக்கி அச்சுல வார்த்த அட்டை. ஒரு அட்டை மேல இன்னொண்ணை வைக்கறப்ப குறுக்கத் திருப்பி வைப்பாங்க, அப்பத்தான் மேல் அட்டை கீழ இறங்காம நிக்கும். முட்டை மேல பாரமே விழாது. முட்டைக்குக் குழி போட்ட உறை வந்த கதையும் நல்லா இருக்கும். 1911ல கனடா நாட்டுல ஒரு விவசாயிக்கும் ஓட்டல்காரருக்கும் முட்டை உடைஞ்சு உடைஞ்சு வருதுன்னு தகராறு. அதைக் கேட்ட ஜோசப் கோய்ல்ங்கற பத்திரிகைக்காரர் ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு குழி வச்சு பேப்பர்ல ஒரு பெட்டி பண்ணினார். அனுப்பறவனும் வாங்கறவனும் போட்ட சண்டையில பொறந்த பெட்டி அது. நம்ம சண்டையில இருந்தும் ஒண்ணு பொறக்கட்டுமே!

இப்ப அந்தப் பளபளப் பைக்கு வர்றேன். பாக்க ஒரு பைதான். ஆனா அது ஒண்ணு இல்லைங்க. அச்சடிக்க ஒரு பிளாஸ்டிக், வெளிச்சம் காத்து புகாம இருக்க அலுமினியப் பூச்சு, ஒட்டி சீல் வைக்க இன்னொரு பிளாஸ்டிக், இதெல்லாம் ஒண்ணா ஒட்டியிருக்கும். மூணு பேரோட வேலையை ஒரே பை செய்யுது, அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனா ஒட்டுனதைப் பிரிக்க முடியாது. பால் கவரை பழைய பேப்பர் கடையில கிலோ கணக்குல எடுத்துக்கறாங்க, ஏன்னா அது ஒரே ஜாதிப் பிளாஸ்டிக். இந்தப் பையைக் கொண்டு போய்க் குடுத்துப் பாருங்க, திருப்பித் தந்துடுவாங்க. குப்பையோட குப்பையா எங்காவது ஓடைக் கரையில வந்து கெடக்கும். எங்க பக்கம் அதை மாடு தின்னுது.

வெலையையும் சொல்லணும். அரைக் கிலோ பைக்கு எனக்குச் சொன்ன வெலை ஏழு ரூபா. அதுலயும் கலர்ல அச்சடிக்கணும்னா ஒவ்வொரு கலருக்கும் ஒரு உருளை தனியாச் செய்யணும், அதுக்குக் காசு கட்டணும், அச்சடிக்கறதையும் மொத்தமாத்தான் அடிப்பாங்க. மூணு ஏக்கரா வச்சிருக்கறவன் அத்தனை பையை வாங்கி எங்க அடுக்கறது? வெறும் பாலிதீன் பை ரெண்டு ரூபாய்க்குள்ள முடியுது. நாலு கிலோ சக்கரைக்கு எட்டுப் பைன்னா நாப்பது ரூபா வித்தியாசம். அந்த நாப்பது ரூபாயை உறை செய்யற கம்பெனிக்கு நீங்க குடுக்கறதை விட, பேக்கிங் வேலைக்கு வர்ற எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்குக் குடுக்கலாம்னு நான் நினைக்கறேன்.

சரி, அப்ப நீ என்னதான் செய்யறேன்னு கேப்பீங்க. சொல்றேன்.

முதல் பாகம், பண்டத்தைத் தொடற உள்பை. சாப்பாட்டுக்குன்னே செய்யற கெட்டியான வெறும் பாலிதீன், அச்சே கிடையாது. அரைக் கிலோ அளவு. ஏன் அரைக் கிலோ? நாட்டுச்சக்கரைக்கு எதிரி ஈரக் காத்து. நாலு கிலோ பையைத் திறந்தா மொத்த நாலு கிலோவும் ஒரு மாசம் பூரா காத்தைக் குடிக்கும். ஐப்பசி கார்த்திகையில கேக்கவே வேண்டாம், கட்டி பிடிச்சு, கசிஞ்சு, கல்லாட்டம் ஆயிடும். அரைக் கிலோவா எட்டுப் பை இருந்தா ஒண்ணு திறந்திருக்கறப்ப மத்த ஏழும் பூட்டுன மாதிரி இருக்கும். மருந்து எதுவும் போடாத சரக்குக்கு இந்தப் பிரிவினைதான் மருந்து. கை சீலிங் மிஷின்ல அமுக்கி ஒட்டறது வீட்டுக்காரம்மா வேலை. ஒட்டின இடத்துல ஒரு சக்கரைத் துகள் சிக்கினாலும் அங்க காத்து போகும், அதனால வாயைத் துணியில துடைச்சுட்டுத்தான் ஒட்டுவா.

ரெண்டாவது, சீட்டு. வெள்ளைத்தாள் ஸ்டிக்கர். பேரு, எடை, கட்டின மாசம், எப்ப வரைக்கும் நல்லா இருக்கும், வெலை, எங்க விலாசம், உணவுப் பாதுகாப்புத் துறை குடுத்த 14 இலக்க எண். இது வெளிப்பெட்டியில மட்டும் இருந்தாப் பத்தாது, ஒவ்வொரு உள்பையிலும் இருக்கணும். நீங்க பெட்டியைப் பிரிச்சு ரெண்டு பை அக்கா வீட்டுக்குக் குடுத்தா, அங்க அந்தப் பை அனாதையா நிக்கக் கூடாது.

மூணாவது, எண்ணெய்க்குத் தகர டின். கடலெண்ணெய்க்கு வெளிச்சமும் ஆகாது, காத்தும் ஆகாது, சிக்கு வாடை வந்துடும். அதனால அஞ்சு லிட்டரா இல்லாம ஒரு லிட்டர் டின். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் சுமார்தான் இருக்கும், ஒரு கிலோன்னு நினைச்சு எடை போட்டுப் பாத்துட்டு என்னைத் திட்டாதீங்க.

நாலாவது, வெளிப்பெட்டி. இது பண்டத்தைத் தொடாது, பாரம் மட்டும் தாங்கும். அட்டைக்குள்ள அலை அலையா ஒரு தாள் ஓடும் பாருங்க, அந்த அலை மேலிருந்து கீழா நிக்கணும். படுத்த மாதிரி இருந்தா பெட்டி நசுங்கும். ரெண்டு மூணு கிலோவுக்கு ஒரு அலை அட்டை போதும், எட்டு பத்து கிலோவுக்கு ரெண்டு அலை வேணும். டின் அடியில, சக்கரை மேல. கூரியர்காரங்க பெட்டியை எப்படித் தூக்கிப் போடுவாங்கன்னு ஒரு தடவை கண்ணால பாத்துட்டா இதெல்லாம் தானா வரும்.

இன்னொரு கூட்டமும் இருக்கு. பளபளப்பு வேண்டாம், கிராமத்து மணம் வேணும்பாங்க. சக்கரையைச் சணல் பையில குடு, எண்ணெயை மண் கலயத்துல குடு, சுத்தி வைக்கோல் போடுன்னு. போட்டோவுக்கு நல்லாத்தான் இருக்கும். சணல் மூச்சு விடும். சின்ன வெங்காயத்துக்கு அந்த மூச்சு வேணும், சக்கரைக்கு அதே மூச்சு எமன். பூச்சில்லாத மண் கலயம் எண்ணெயைக் குடிச்சு வெளியில கசியும். வைக்கோல்ல ஈரமும் பூச்சியும் சேர்ந்து வரும். பழமைங்கறதுக்காக ஒண்ணை வைக்கக் கூடாதுங்க. பண்டம் என்ன கேக்குதோ அதைத்தான் வைக்கணும்.

தானியத்துக்குக் கூட இதே வழி வந்திருக்கு. 1980கள் கடைசியில அமெரிக்காவுல இருக்கற பர்டியூ பல்கலைக்கழகத்துக்காரங்க ஆப்பிரிக்காவுல கேமரூன் நாட்டு விவசாயிகளோட தட்டைப்பயறுக்கு ஒரு பை கண்டுபிடிச்சாங்க. உள்ள ரெண்டு கெட்டி பாலிதீன் பை, வெளியில சாதாரண உரச் சாக்கு மாதிரி ஒண்ணு. மூணையும் தனித்தனியா முறுக்கிக் கட்டணும். உள்ள இருக்கற வண்டே இருக்கற காத்தைத் தீத்துட்டு, அப்பறம் தின்னவும் முடியாம பெருகவும் முடியாம செத்துப் போகும். பயறு நல்லாக் காஞ்சிருக்கணும், அவ்வளவுதான். மருந்து கிடையாது. கிழிஞ்சா கிழிஞ்ச பையை மட்டும் மாத்தினாப் போதும். பாகம் பாகமா இருக்கறதோட லாபம் அதுதான்.

பாகம் பிரியணும்னு சொல்றேன், ஆனா துணுக்கு உதிரக் கூடாது. பால் கவர் முனையை வெட்டி வீசறீங்களே, அந்தத் துண்டு எந்தக் கடைக்கும் போகாது, சாக்கடைக்குத்தான் போகும். வெட்டறப்ப முழுசாத் துண்டாக்காம ஓரத்துல ஒட்டியே விடுங்க. ஐரோப்பாவுல 2024 ஜூலையில இருந்து குளிர்பானப் பாட்டில் மூடி பாட்டிலோடவே தொங்கணும்னு சட்டமே போட்டிருக்காங்க. எங்க பையிலும் கத்தரிக்கோல் படம் போட்ட கோடு பாதி அகலத்துக்குத்தான் இருக்கும்.

கடையில விக்கற நொறுக்குத்தீனிக்கு அந்த ஒட்டுன பை வேணும்னு யாராவது சொன்னா நான் மறுக்க மாட்டேன். அது குடோன்ல, கடையில, அலமாரியில மாசக்கணக்கா காத்திருக்கணும். என் சக்கரை காத்திருக்கறதில்லை. இங்க கட்டினா ஒரு வாரத்துல உங்க அடுப்படியில இருக்கும், ஒரு மாசத்துல தீந்துடும். மாசக்கணக்கா நிக்கற பொருளுக்குத் தெச்ச சட்டையை அதுக்கு எதுக்கு மாட்டணும்?

கடைசியா, உங்க கையில இருக்கற பாகம். 20 லிட்டர் தண்ணிக் கேனைத் திருப்பித் தர்றீங்க. கேஸ் சிலிண்டரைத் திருப்பித் தர்றீங்க. நீலகிரியில 2022ல இருந்து டாஸ்மாக் பாட்டிலுக்குக் கூட பத்து ரூபா கூட வாங்கிட்டு, காலிப் பாட்டிலைத் தந்தா அந்தப் பத்து ரூபாயைத் திருப்பித் தர்றாங்க. சரக்குப் பாட்டில் திரும்பி வர்ற ஊர்ல சக்கரைப் பெட்டி திரும்பி வரக் கூடாதா? ஒரு அப்பார்ட்மென்ட்ல பத்து வீடு சேர்ந்து வாங்கறீங்கன்னா, அட்டைப்பெட்டி வேண்டாம், தக்காளிக்கு வர்ற மாதிரி பிளாஸ்டிக் கிரேட்ல அனுப்பறேன். காலிக் கிரேட்டை வண்டி அடுத்த தடவை வர்றப்ப ஏத்தி விடுங்க. உள்பையைக் கழுவிக் காய வச்சு பால் கவரோட போடுங்க. டின்னைப் பழைய இரும்புக்குப் போடுங்க. அட்டைப்பெட்டி வந்திருந்தா பேப்பரோட போடுங்க. நாலுக்கும் நாலு வழி இருக்கு, எதுவும் ஓடைக்கு வர வேண்டியதில்லை.

அடுத்த தடவை யாராச்சும் விவசாயிகிட்ட நேரா வாங்கறப்ப, "பேக்கிங் அழகா இருக்குமா?"ன்னு கேக்காதீங்க. "உள்ள எத்தனை பையாப் பிரிச்சிருக்கீங்க, எது எதைத் திருப்பித் தரலாம்?"னு கேளுங்க. அந்தக் கேள்விக்கு ஒழுங்காப் பதில் சொல்றவங்ககிட்ட வாங்குங்க. ஜன்னல் வச்ச பை இல்லைன்னா பரவாயில்லை. உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்னா ஒரு பையைத் திறந்து ஒரு சிட்டிகை வாயில போட்டுப் பாருங்க, தெரிஞ்சுடும்.